மலாக்காத் தோட்டங்களில் மகளிரின் இரட்டைப் பணி

மலேசிய ரப்பரின் வரலாற்றை எழுதியோர் மரத்தின் வயதையும், பாலின் எடையையும், இலண்டன் சந்தை விலையையும் விடாது குறித்து வைத்துள்ளனர். தோட்டத்தைத் திறந்த முதலாளியின் பெயரும், நடத்திய துரையின் பெயரும் ஏடுகளில் உள்ளன. ஆனால், அந்தப் பாலை வெட்டிய கைகளுள் ஏறக்குறைய பாதி மகளிர் கைகள் என்பதும், அதே கைகள் விடியுமுன் சோறாக்கிக் குழந்தைக்குப் பாலூட்டி, மாலையில் துணி துவைத்து, இரவில் நோயுற்ற மாமியாரைப் பேணின என்பதும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கூலிக்குச் செய்தது வேலை. வீட்டிற்குச் செய்தது கடமை. இப்பாகுபாடு இயற்கையாய் அமைந்ததா, அன்றித் தோட்டமுறை வகுத்ததா என்பது ஆராயத் தக்கது. இதற்கு மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களும் சிறு நகரங்களும் நல்ல சான்றாகும்.

மலாயாவில் வாணிகத்திற்கென ரப்பர் முதன்முதலில் பயிரானது மலாக்காவிலேதான். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராய் இருந்த ரிட்லி, ரப்பர் விதைகளைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களை வேண்டி வந்த காலம் அது. மரவள்ளி பயிரிட்டுவந்த டான் சாய் யான் என்பார் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் லேடாங் மலையடிவாரத்தை அடுத்த புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை உயர உயர, ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, புலாவ் செபாங் ஆகிய ஊர்களைச் சுற்றிக் காடுகள் அழிந்து தோட்டங்கள் ஆயின. அத்தோட்டங்களின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் குடியேறின.

மலாக்கா நகரில் தமிழர் வாழ்வு அதற்கும் நெடுங்காலம் முற்பட்டது. தங்கவேலையாட்கள் தெருவில் நிற்கும் பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் எழுந்தது. அதனைப் போற்றிவரும் மலாக்காச் செட்டிமார் சுல்தான்கள் காலத்து வணிகரின் வழிவந்தோர். எனினும், இக்கட்டுரையில் பேசப்படுவோர் அவர்களுக்குப் பன்னூறு ஆண்டுகள் பின்வந்த கூலித்தமிழர்களும் அவர்தம் பெண்மக்களுமே ஆவர்.

பாட்டி இல்லாத லயம்

சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களில் தாய் வயலுக்குப் போனால் பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்வாள். பாட்டி இல்லையேல் அத்தை, சித்தி, அண்டை வீட்டார் எவரேனும் இருப்பர். கப்பலேறி வந்தவர்க்கு இத்துணை இல்லை. தோட்டத்திற்கு வேண்டியவர் உழைக்கும் வயதினர். கங்காணி தேடிச் சேர்த்ததும் அவ்வயதினரையே. முதியோர் ஊரிலேயே தங்கிவிட்டனர்.

ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவைப் பொறுத்தவரை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணிமுறையே மேலோங்கியது. 1907-இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி, பின்னர் இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையைக் கொண்டு இந்நிதி தொழிலாளர்க்குக் கப்பற் செலவு கொடுத்தது. உழைக்க இயலாது தளர்ந்தோரையும் நோயுற்றோரையும் தாயகத்திற்குத் திருப்பி அனுப்புவதும் இந்நிதியின் பணிகளுள் ஒன்று.

இதன் பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். ஒரு மனிதனைப் பதினெட்டு, இருபது வயது வரை வளர்த்து ஆளாக்கியது தமிழ்நாட்டுச் சிற்றூர். அவன் தளர்ந்தபின் அவனுக்குக் கஞ்சி வார்த்ததும் அச்சிற்றூரே. இடைப்பட்ட உழைக்கும் ஆண்டுகளை மட்டும் தோட்டம் பெற்றது. குழந்தையைப் பேணும் பணியும் முதியோரைப் பேணும் பணியும் கடலுக்கு அப்பால் கூலியின்றி நடந்தன. மலாயா ரப்பர் மலிவாய் விளைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

தொடக்கத்தில் பெண்கள் மிகச் சிலரே வந்தனர். 1921-இல் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆடவர்க்கு நானூறு மகளிர் என்ற அளவே இருந்தது. 1931-இல் ஐந்நூறு அளவும் 1957-இல் எழுநூறு அளவும் ஆயிற்று. பெண்கள் பெருகியதும் லயங்களில் குடும்பம் வேரூன்றியது. ஆயினும், அந்த முதல் தலைமுறைத் தாயர்க்கு மாமியார் இல்லை, தாய்வீடும் இல்லை. பிள்ளைப்பேறும் பிள்ளை வளர்ப்பும் அன்றாடக் கூலி வேலையோடு ஒருசேர அவர்தம் தோளில் விழுந்தன.

விடியுமுன் தொடங்கும் நாள்

ரப்பர்ப் பால் குளிர்ந்த காலைப் பொழுதிலேதான் நன்கு வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறையும். ஆகையால், தோட்டத்து நாள் இருட்டிலேயே தொடங்கும். நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, காலைக்கும் நண்பகலுக்கும் சேர்த்துச் சோறாக்குவது பெண்ணின் வேலை. அதன்பின் தூங்கும் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பிரட்டுக்கு ஓட வேண்டும். பிரட்டில் கிராணி பெயர் கூப்பிடுவார். நேரம் தவறினால் அன்றைய பெயர் விழாது. பெயர் விழாவிட்டால் கூலியும் இல்லை.

பிரட்டு முடிந்தபின் நிரைக்குச் சென்று முந்நூறு முதல் ஐந்நூறு மரம் வரை சீவ வேண்டும். சீவி முடித்துச் சற்று ஓய்ந்து, மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் இருபுறமும் தூக்கி, ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுக்க வேண்டும். வீடு திரும்ப ஒரு மணியோ இரண்டு மணியோ ஆகும். கணவனும் மனைவியும் அடுத்தடுத்த நிரையில் மரம் வெட்டியிருப்பர். இருவரும் ஒரே நேரத்தில் வீடு திரும்புவர். அவன் குளித்து உண்டு இளைப்பாறுவான். அவளுக்கு அதன்பின்னரே அடுத்த பணி தொடங்கும். விறகு பிளந்தும் தண்ணீர் சுமந்தும் துணைநின்ற ஆடவர் இல்லாமல் இல்லை. ஆயினும், சமையலும் பிள்ளையும் நோயாளியும் பெண்ணின் பொறுப்பே என்பதில் லயத்தில் எவர்க்கும் ஐயம் இருந்ததில்லை.

இத்துணை உழைத்தும் பெண்ணின் கூலி ஆணின் கூலிக்குக் குறைவாகவே வகுக்கப்பட்டது. 1920-களின் பிற்பகுதியில் கடற்கரைப் பகுதித் தோட்டங்களுக்கு ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலி எனத் திட்டம் செய்யப்பட்டது. அதாவது ஐந்தில் நான்கு பங்கு. உலகப் பொருளாதார மந்தத்தின்போது இதுவும் வெட்டுண்டது. 1937-இல் மலாயா இந்தியத் தொழிலாளர் நிலைபற்றி அறிக்கை அளித்த சீனிவாச சாஸ்திரியார் காலத்திலும் இந்த 50, 40 என்ற கணக்கே பேச்சாயிருந்தது. ஆண் குடும்பத்தைக் காப்பவன், பெண்ணின் கூலி அதற்குத் துணை என்பது அக்காலத்து எண்ணம். குடும்பத்தை நாள்தோறும் பேணும் உழைப்பை எவர் தருகின்றனர் என்று கேட்டிருந்தால் கணக்கு வேறாக அமைந்திருக்கும்.

ஆயாக் கொட்டகை

தாய் நிரைக்குப் போனபின் குழந்தை என்னாகும்? தொடக்கத்தில் தாயர் குழந்தையைத் தோட்டத்திற்கே தூக்கிச் சென்று மரத்தடியில் கிடத்தினர். கொசுவும் பாம்பும் மழையும் மிகுந்த இடம் அது. மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களை வாட்டிய நாளில் குழந்தைச் சாவு பெருகியிருந்தது. தாய் வேலைக்கு வாராதிருப்பதும் குழந்தை சாவதும் தோட்டத்திற்கும் இழப்பே என்பதை நிருவாகங்கள் மெல்ல உணர்ந்தன. அவ்வுணர்வில் பிறந்ததே ஆயாக் கொட்டகை.

லயங்களுக்கு அருகே ஒரு கூரைக்கொட்டகை. உத்தரத்தில் வரிசையாய்த் துணித் தூளிகள். தரையில் தவழும் பிள்ளைகள். நடுவே ஓர் ஆயா. பெரிய தோட்டமாயின் அவளுக்குத் துணையாய் மற்றொருத்தி. தாயர் இருட்டில் கொண்டுவந்து விட்ட பிள்ளையை வேலை முடிந்து அழைத்துச் செல்வர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா என வழங்கியதும் இதனையொத்த அமைப்பே.

1923-இல் கூட்டு மலாய் நாடுகளிலும், மலாக்கா அடங்கியிருந்த நீரிணைக் குடியேற்றங்களிலும் தொழிலாளர் சட்டங்கள் திருத்தி வகுக்கப்பெற்றன. மகப்பேற்று உதவித்தொகை அச்சட்டங்களில் இடம்பெற்றது. ஓரினத்துப் பிள்ளைகள் 7 முதல் 14 வயதிற்குட்பட்டோர் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்பதும் விதியாயிற்று. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் தோற்றம் இவ்விதியே. மகப்பேற்றுக் காப்புப் பற்றிய முதல் உலக உடன்படிக்கை 1919-இல் வாசிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாட்டிலேதான் நிறைவேறியது என்பதை நினைத்தால், நான்கே ஆண்டில் ரப்பர்த் தோட்டத்துப் பெண்ணுக்கு அத்தகைய உதவி சட்டத்தில் ஏறியது வியப்பளிக்கும். இதனை அருளால் விளைந்தது என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. இந்திய அரசு 1922-இல் குடியேற்றச் சட்டம் இயற்றி, ஆளனுப்பும் நிபந்தனைகளை இறுக்கியிருந்தது. ஆள் வேண்டுமாயின் நிலையைத் திருத்தியாக வேண்டும் என்ற நெருக்கடி மலாயாவுக்கு இருந்தது.

1938-இல் இந்திய அரசு உதவிக் கப்பலில் கூலியாட்கள் மலாயாவுக்குச் செல்வதைத் தடைசெய்தது. கடலுக்கு அப்பாலிருந்து வளர்ந்த ஆளைப் பெறும் வழி அன்றோடு அடைபட்டது. இனிமேல் தோட்டத்திற்கு வேண்டிய ஆட்கள் லயத்திலேயே பிறந்து, லயத்திலேயே வளர வேண்டும். சிற்றூர்ப் பாட்டியர் கூலியின்றிச் செய்துவந்த வளர்ப்புப் பணி முழுமையும் தோட்டத் தாயர்க்கும் ஆயாவுக்கும் வந்து சேர்ந்தது. ஆயாக் கொட்டகையின் முக்கியம் வளர்ந்தது இக்காரணத்தாலேயே ஆகும்.

ஆயா என்பவள் பெரும்பாலும் யார்? மரம் வெட்டிக் கை ஓய்ந்த மூதாட்டி. அல்லது நோயால் காண்டா தூக்க இயலாதவள். தன் பிள்ளைகளை வளர்த்த ஆண்டுகளில் அவள் செய்த அதே வேலையைத்தான் இப்போது பிறர் பிள்ளைகளுக்குச் செய்கின்றாள். அன்று அதற்குப் பெயரும் இல்லை, காசும் இல்லை. இன்று அவள் பெயர் செக்ரோலில் ஏறியது. கூலியும் கிடைத்தது, குறைந்த கூலியே எனினும். ஆக, பிள்ளை பேணுதல் வேலை அன்று என்று தோட்டம் கருதியதாகச் சொல்ல இயலாது. தனக்கு வேண்டியபோது அதனை வேலையாகக் கணக்கிட அது அறிந்தேயிருந்தது.

மூத்த மகளின் வருகைப் பதிவேடு

ஆயாக் கொட்டகை எல்லாச் சுமையையும் தாங்கவில்லை. சிறு தோட்டங்களில் அது இல்லை. காய்ச்சல் கண்ட குழந்தையை அங்கே விட இயலாது. நிரையிலிருந்து தாய் திரும்பும்வரை வளர்ந்த பிள்ளைகளுக்குச் சோறிட ஆள் வேண்டும். இவ்வேலைகளுக்கெல்லாம் வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவள் மூத்த மகள்.

எட்டு, ஒன்பது வயதில் இடுப்பில் தம்பியைச் சுமந்தவள் அவள். தாய் பிள்ளை பெற்றால் பள்ளிக்கு அவள் வருகை நிற்கும். பாட்டிக்கு நோய் வந்தாலும் நிற்கும். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் ஆண்பிள்ளைகள் கல்வி பாதியில் நின்றதற்குக் கூலி வேலை காரணமாயிற்று; பெண்பிள்ளைகள் கல்வி நின்றதற்குக் கூலியில்லா வேலை காரணமாயிற்று. பூப்பெய்தியபின் பலர் பள்ளி வாயிலை மிதிக்கவே இல்லை. பதினான்கு, பதினைந்து வயதில் அவள் வெளிக்காட்டு வேலைக்குப் போனாள். பின் மரம் வெட்டப் பழகினாள். மணமாகி அடுத்த லயத்திற்குச் சென்றாள். அங்கே விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினாள். தாயின் நாள் மகளின் நாளாயிற்று.

ஒரு பெண்ணின் ஆயுளை இவ்வாறு வரிசைப்படுத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். சிறுமியாய்த் தம்பி தங்கையரைப் பேணினாள். தாயாய்த் தன் மக்களைப் பேணினாள். நடுவயதில் மாமன் மாமியாரையும், தோட்டத்து விபத்தாலோ நோயாலோ படுத்த கணவனையும் பேணினாள். முதுமையில் பேரக்குழந்தைகளைப் பேணினாள். இவை அனைத்திற்கும் இடையே முப்பது, நாற்பது ஆண்டுகள் கூலிக்கும் உழைத்தாள். ஒரு பணி ஓய்ந்து மறுபணி தொடங்கியதில்லை. இரண்டும் ஒருங்கே நடந்தன.

போரும் அதன் பின்னும்

1942-இல் சப்பானியர் மலாயாவைப் பிடித்தனர். ரப்பர் விற்க வழியில்லை, தோட்டங்கள் நின்றன. சயாம்-பர்மா இருப்புப்பாதை அமைக்க மலாயாவிலிருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். திரும்பாதவர் பல்லாயிரவர். தம்பினையும் மலாக்காவையும் இணைத்திருந்த இருப்புப்பாதையும் அந்நாளில் பெயர்த்தெடுக்கப்பட்டது. லயங்களில் பெண்களும் பிள்ளைகளும் முதியோருமே எஞ்சினர். மரவள்ளி நட்டும் கீரை பறித்தும் கைம்பெண்கள் குடும்பம் காத்தனர். கூலி முற்றும் நின்றுபோன அக்காலத்தில் லயங்கள் அழியாது நின்றமைக்கு, கூலியற்ற உழைப்பே காரணமாய் இருந்தது.

போருக்குப்பின் தொழிலாளர் விழிப்புற்றனர். 1954-இல் ஐந்து சங்கங்கள் ஒன்றுகூடித் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைந்தது, பி. பி. நாராயணன் அதன் பொதுச்செயலாளர் ஆனார். 1951-இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. 1955-இல் வேலைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி மகப்பேற்று விடுப்பு 60 நாள் என வகுக்கப்பெற்றது. இவை அரும்பெரும் வெற்றிகள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், இச்சட்டங்களின் அமைப்பில் ஒன்று கருதத் தக்கது. சேமநிதி என்பது கூலியின் ஒரு பகுதி; கூலி பெற்ற மாதங்களுக்கு மட்டுமே சேரும். பிள்ளைப்பேற்றுக்குப்பின் ஓராண்டு வீட்டிலிருந்தவளுக்கு அவ்வாண்டில் சேமிப்பில்லை. பக்கவாதத்தில் வீழ்ந்த மாமனாரைப் பேண மூன்றாண்டு நின்றவளுக்கு மூன்றாண்டும் வெற்றிடம். 55 வயதில் கணவனும் மனைவியும் சேமநிதிப் பணம் பெறும்போது இருவர் தொகையும் ஒத்திராது. பேணிய ஆண்டுகளெல்லாம் அவள் கணக்கில் குறைந்த தொகையாக நிற்கும்.

நகரில் ஆசிரியை

இந்நிலை தோட்டத்துப் பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. நகரத்தில் எழுத்தறிந்த பெண்ணும் இதனை வேறு வடிவில் கண்டாள். ஆசிரியப் பணியும் தாதியர் பணியும் ஏற்ற பெண்களுக்கு அந்நாளில் ஆடவரினும் குறைந்த சம்பளமே வழங்கப்பட்டது. மணமானதும் நிலையான பதவி போய்த் தற்காலிக ஊழியராகக் கருதப்படும் வழக்கமும் இருந்தது. பெண்ணுக்குக் குடும்பமே முதல், பணி இடைக்காலத்தது என்ற எண்ணமே இதன் அடிப்படை. 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்த இராசம்மா பூபாலன் சம ஊதியத்திற்காகப் போராடினார். முன்பு இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் இருந்தவர் அவர். 1960-களின் இறுதியிலிருந்து அரசுப் பணியில் சம ஊதியம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. மணத்தால் பதவி குறையும் வழக்கமும் ஒழிந்தது. இன்று தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலோர் ஆசிரியைகளாய் இருக்கும் நிலைக்கு அப்போராட்டம் அடிகோலியது எனலாம்.

தோட்டம் கலைந்தபின்

1950-களிலும் 60-களிலும் வெள்ளையர் தோட்டங்கள் பல விற்கப்பட்டுத் துண்டு துண்டாயின. துண்டான தோட்டத்தில் ஆயாக் கொட்டகையும் இல்லை, மருத்துவமனையும் இல்லை, ஒப்பந்தக்காரர் நாட்கூலிக்கு ஆள் பிடித்தார். அந்நெருக்கடியிலேதான் 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எஞ்சிய பெருந்தோட்டங்களில் ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. இம்மாற்றம் பெண்களை வெகுவாகத் தாக்கியது. ரப்பரில் ஆணும் பெண்ணும் ஒரே வேலையைச் செய்தனர். வேலை நண்பகலோடு முடிந்தது. செம்பனையில் குலை வெட்டுவது ஆணின் வேலையாயிற்று. உதிரிப்பழம் பொறுக்குவதும் உரமிடுவதும் மருந்து தெளிப்பதும் பெண்ணுக்கு விடப்பட்டன.

1970-களில் பத்து பெரெண்டாம், தஞ்சோங் கிளிங் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் எழுந்தன. தோட்டத்து இளம்பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி மின்னணுத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். மாதச் சம்பளம் கைக்கு வந்தது. ஆனால், தொழிற்சாலையில் இரவுமுறையும் பகல்முறையும் மாறிமாறி வரும். தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையை ஏற்க லயத்து ஆயாக் கொட்டகை அங்கில்லை. அந்நிலையில் கைகொடுத்தவள், 55 வயதில் ஓய்வு பெற்றுத் தோட்டத்து வீட்டிலேயே தங்கியிருந்த பாட்டி. கடல் கடந்து வந்தபோது இழந்த பாட்டியை மூன்று தலைமுறைக்குப்பின் தமிழ்க்குடும்பம் மீண்டும் பெற்றது. தொழிற்சாலைப் பொருள்களின் விலையில் அப்பாட்டியின் கூலி அடங்கவில்லை. முன்பு சிற்றூர் தந்த இலவச உழைப்பை இப்போது அவள் தந்தாள்.

தோட்டத்து வீடு வேலையோடு கட்டுண்டது. தோட்டம் வீடமைப்புக்கோ தொழிற்பேட்டைக்கோ விற்கப்பட்டபோது வீடும் போயிற்று. குடும்பங்கள் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா நகர்ப்புறங்களின் சிறுவீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. லயத்தில் வாசலில் இருந்துகொண்டே பத்துப் பிள்ளைகளைக் கண்காணித்த மூதாட்டிக்கு, மூன்றாம் மாடியில் கதவடைத்த வீட்டில் ஒரு பிள்ளையைப் பார்ப்பதே பெரும்பாடாயிற்று. அவளே நோயுற்றால் வேலைக்குப் போகும் மகளோ மருமகளோ வேலையை விட நேர்ந்தது.

தளர்ந்தோரைத் தாயகம் அனுப்பிய பழைய குடியேற்ற நிதி, 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாய் உருமாறி, 1999-இல் கலைக்கப்பட்டது. தோட்டத்து முதுமைக்கென்று தனியாய் இருந்த ஒரே ஏற்பாடும் அதனோடு முடிந்தது.

இற்றைச் சட்டமும் எஞ்சிய கடனும்

கடந்த சில ஆண்டுகளில் மலேசியச் சட்டம் இப்பொருளில் முன்னேறியுள்ளது. 1984-இல் குழந்தைக் காப்பகச் சட்டம் வந்தது. 2018-இல் இல்லத்தரசியர் சேமநிதியில் சேர இ-சூரி திட்டம் தொடங்கியது. 2022-இல் இல்லத்தரசியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆண்டுக்கு 120 ரிங்கிட் செலுத்தினால், 55 வயதுக்குட்பட்ட இல்லத்தரசிக்கு வீட்டுப்பணியில் நேரும் விபத்திற்கும் உடல் முடக்கத்திற்கும் காப்பு உண்டு. வீட்டில் செய்வதும் பணியே, அப்பணியிலும் விபத்து நேரும் என்பதைச் சட்டம் ஏற்ற நிகழ்ச்சி இது. 2023 சனவரி 1 முதல் மகப்பேற்று விடுப்பு 98 நாளாயிற்று. தந்தைக்கும் 7 நாள் விடுப்பு வந்தது. வேலை நேரத்தையும் இடத்தையும் மாற்றியமைக்குமாறு முதலாளியிடம் விண்ணப்பிக்கும் உரிமையும் கிடைத்தது. எனினும், நோயுற்ற பெற்றோரைப் பேணுவதற்கென விடுப்பை அத்திருத்தம் வகுக்கவில்லை.

இக்குறை சிறிதன்று. கசானா ஆய்வு நிறுவனம் கோலாலம்பூரில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பேணும் பணிக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 3.6 மணி நேரமும் ஆண்கள் 2.2 மணி நேரமும் செலவிடுவதாகக் கண்டனர். மலேசியாவில் உழைக்கும் வயதுப் பெண்களுள் வேலைச்சந்தையில் இருப்போர் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரே. ஆண்களுள் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர். உலகம் முழுமைக்கும் கூலியில்லாப் பேணும் பணியில் நான்கில் மூன்று பங்கைப் பெண்களே செய்கின்றனர் என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. அதனை உதவி என்னாது உரிமை எனப் பெயரிட்டமைக்கும் இவ்வுழைப்பே அடிப்படையாகும்.

மலாக்காவின் வரலாறு காட்டுவது இதுவே. பேணும் பணிக்கு மதிப்பு இயல்பாகவே இல்லாமற் போகவில்லை. ஆள் வேண்டிய காலத்தில் தோட்டம் அதற்குக் கொட்டகை கட்டியது, ஆயா வைத்தது, செக்ரோலில் பெயர் எழுதியது. ஆள் வேண்டாத காலத்தில் கொட்டகையைப் பூட்டியது. பணி மட்டும் பழையபடி பெண்ணின் தலையில் தங்கியது. ஆகவே, கணக்கிடுவதும் கணக்கிடாததும் மனிதர் வகுக்கும் முறையே. மாற்ற இயலாத விதி அன்று. சேமநிதியில் பேணிய ஆண்டுகளுக்கும் இடமளிப்பதும், தந்தையும் மகனும் இப்பணியில் பங்கேற்பதும், வேலையிடத்தை ஒட்டிக் குழந்தைக் காப்பகம் அமைப்பதும் புதுமைகள் ஆகா. ஆயாக் கொட்டகை ஒரு காலத்தில் செய்து காட்டியதன் நேர்மையான தொடர்ச்சியே அவை.

மலாக்கா மாநிலத்தில் இன்று 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல தோட்டப் பெயரையே இன்னும் தாங்கி நிற்கின்றன. அவற்றில் பயிலும் மாணவர் பலரின் வீட்டில், தூளியாட்டிய கையும் உளி பிடித்த கையும் ஒன்றேயான ஒரு பாட்டியோ பூட்டியோ இருக்கக்கூடும். அவர் எத்தனை ஆண்டு மரம் வெட்டினார் என்பதோடு, எத்தனை பேரை வளர்த்தார், எவரை நோயில் பேணினார், அதற்காக எத்தனை நாட்கூலியை இழந்தார் என்பதையும் மாணவர் கேட்டு எழுதுமாறு ஆசிரியர் தூண்டலாம். செக்ரோலில் ஏறாத அந்த நாட்கள் பள்ளி ஏட்டிலேனும் ஏறும். அவர்கள் வாழும்போதே இப்பணி நடந்தாக வேண்டும்.